கேட்டபடி இருவர் மேசை

ஆறு ராத்திரி கப்பலில் இருக்கப் போகிறோம். அந்த ஆறில் ஒரு ராத்திரிகூடச் சகலையோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. இதுதான் நான் எடுத்த சபதம். எடுத்த இடம் குளியலறை. சாட்சி யாரும் இல்லை. எங்கள் வீட்டில் சபதம் எடுக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குக் கிடையாது.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய்ப்பு வராது. லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருக்கிறார். ஊரில் உள்ள லிஃப்டுகளில் எல்லாம் ஏறி, கயிறு சரியா, பிரேக் சரியா, எத்தனை பேர் ஏறலாம் என்று பார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். அந்தப் பழக்கம் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது. உட்காருவதற்கு முன் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். பிறகு என் நாற்காலியை, நான் உட்கார்ந்த பிறகு, ஆட்டிப் பார்ப்பார். தன் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். "தம்பி, உங்களுது எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்று என் தட்டுக்குள் கரண்டியை இறக்குவார். பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பது என்று நினைத்திருந்த என் அறியாமை, கல்யாணமான முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது.

இந்தக் கப்பல் பயணமே எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக. இருபத்தைந்து வருஷத்தில் நானும் என் மனைவியும் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து, குறுக்கே யாரும் பேசாமல், ஒரு வேளை நிதானமாகச் சாப்பிட்டதில்லை. எனக்கு அந்த ஆசை உண்டு. சொன்னால் சிரிப்பாளே என்று சொல்லவில்லை. டிக்கெட் எடுத்தேன். எடுத்த அன்றைக்கே அவள் சொன்னாள்:

"அக்காவும் வர்றா."

"அக்கா மட்டுமா?"

"அக்கா மட்டும் எப்படி வருவா? அத்தானும்தான்."

"நம்ம கல்யாண நாளுக்கு அவங்க எதுக்கு?"

"நம்ம கல்யாணத்துக்கு வந்தாங்கல்ல? அப்ப கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான்.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக அப்பாயின்ட்மென்ட் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கு எப்போது பல் பிடுங்குவது என்று நேரம் கொடுப்பவன் நான். கன்னம் வீங்கி வந்தவர்களிடம் "நிறைஞ்சிருச்சு, அடுத்த செவ்வாய் வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்தவன். ஒருமுறை பல் பிடுங்க நேரம் வாங்கியிருந்த ஒரு பெண், பயந்துபோய், பல்வலியே இல்லாத தன் தங்கையை அனுப்பிவிட்டாள். நேரம் வீணாகிறதே என்று டாக்டர் கத்தினார். தங்கையை உட்காரவைத்துப் பல் சுத்தம் செய்து அனுப்பினோம். அன்றைக்கே நான் ஒரு விதி எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டினேன்: 'நேரம் சீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை.' சீட்டை யார் கொண்டுவந்தாலும் உள்ளே அனுப்புவேன். இந்த விதியை வீட்டில் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏனென்றால் என் மனைவி காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். 'வண்டி தானாகவே குளத்தில் இறங்கிவிட்டது' என்று எழுதி இழப்பீடு கேட்கிறவர்களின் மனுக்களைப் படித்து, எது பொய், எது நிஜம் என்று பிரிக்கிற வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பொய்யர்களைப் பார்த்துவிட்டு, நாற்பத்தொன்றாவதாக என்னைப் பார்க்க வீட்டுக்கு வருவாள்.

கப்பலில் எல்லாருக்கும் பொதுவான சாப்பாட்டுக் கூடம் ஒன்று உண்டு. சேர்ந்து டிக்கெட் எடுத்ததால் எங்கள் நான்கு பேருக்கும் அங்கே ஒரே மேசை ஒதுக்கிவிட்டார்கள். நாற்பத்தாறாம் எண். பயணம் முழுக்க அதே மேசை. அந்தத் தாளைப் பார்த்த கையோடுதான் குளியலறைக்குப் போனேன். எங்கள் பல் டாக்டர் ஒருவர் போன வருஷம் அதே கப்பலில் போய் வந்தவர். அவர்தான் வழி காட்டினார்.

"அங்க தனியா சின்னச் சின்ன ரெஸ்டாரன்ட் இருக்கு. மீனுக்கு ஒண்ணு, கண் முன்னாடியே கல்லுல சுட்டுத் தர்றது ஒண்ணு, கப்பலோட பின்னால முழுக்கக் கண்ணாடிச் சுவரா ஒண்ணு. பன்னெண்டு டேபிள்தான் ஒவ்வொண்ணுலயும். முன்கூட்டியே புக் பண்ணணும்."

"எப்ப?"

"கப்பல் கிளம்ப நாப்பத்தஞ்சு நாள் இருக்கறப்ப, காலைல பத்து மணிக்குத் திறப்பாங்க. ரெண்டு பேர் டேபிள் பத்தே நிமிஷத்துல காலியாயிடும்."

ரெண்டு பேர் டேபிள்! எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆறு ராத்திரிக்கும் இருவர் மேசை போட்டுவிடுவது, 'நாலு பேருக்கு இடம் இல்லை' என்று வீட்டில் சொல்லிவிடுவது. சகலை நாற்பத்தாறாம் மேசையில் தன் மனைவியின் தட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். இதுதான் திட்டம். பத்தொன்பது வருஷம் ஊருக்கெல்லாம் நேரம் கொடுத்தவனுக்கு ஒரு நேரம் வாங்கத் தெரியாதா?

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் என் மேசைக்கு முன்னால் ஏழு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கம்ப்யூட்டரில் கப்பலைத் திறந்தேன். ஊர், தேதி, கல்யாண நாள் என்பதால் கேக் வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் போட்டேன். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எங்கே என்று பார்த்தால், டிக்கெட்டில் முதல் பெயர் என் மனைவியுடையது. நம்பரும் அவளுடையது. போன் போட்டேன்.

"ஏம்மா, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சீக்கிரம் சொல்லு."

"யார் பேசறது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் புருஷன்!"

"அப்படித்தான் சொல்லுவாங்க. போன வாரம் ஒரு அம்மாகிட்ட, மகன் பேசறேன்னு சொல்லி நம்பரை வாங்கிட்டானாம். இத்தனைக்கும் அந்த அம்மாவுக்கு மகனே கிடையாது."

"என் போன்லேர்ந்துதானே பேசறேன்?"

"போனைத் திருடியிருக்கலாம்."

"என் குரல் தெரியலையா?"

"குரலைக்கூடத் திருடறாங்களாம்."

அந்த ஓடிபி காலாவதியாகிவிட்டது. இன்னொன்று அனுப்பச் சொன்னேன். மணி பத்து மூன்று. வரிசையில் முதலில் நின்றவர் முனகினார். அவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"சரிம்மா, நான்தான்னு நிரூபிக்கறேன். என்ன வேணுமோ கேளு."

"நம்ம கல்யாணத்துக்கு எங்க அத்தான் என்ன பரிசு கொடுத்தாரு?"

"சுவர்க் கடிகாரம்."

"ஓடுதா?"

"ஓடல."

"ஏன் ஓடல?"

"கொடுத்த கையோட, சரியா ஓடுதான்னு திறந்து பாத்தாரு."

"சரி, நீங்கதான். எழுதிக்குங்க. நாலு, ஏழு, ஏழு..."

பத்து ஒன்பதுக்கு வேலை முடிந்தது. ஆறு ராத்திரி, ஆறு இருவர் மேசை. நான்காம் ராத்திரி எங்கள் கல்யாண நாள். அன்றைக்குக் கண்ணாடிச் சுவர் ஓரம். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. வரிசையில் நின்ற ஏழு பேருக்கும் அன்றைக்கே நேரம் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வரலாற்றில் அப்படி நடந்ததில்லை.

சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழியில் இரண்டு தெரு முன்பிருந்தே தொங்கப் போட்டுப் பழகினேன்.

"கப்பல்ல தனி ரெஸ்டாரன்ட்ல இடம் பிடிக்கப் பாத்தேம்மா. நாலு பேருக்கு நிறைஞ்சிருச்சாம். ரெண்டு பேருக்குத்தான் கிடைச்சுது."

"ஆறு நாளுமேவா?"

"ஆறு நாளும்."

"நாலு பேருக்கு ஒருநாள்கூட இல்லையா?"

"ஒருநாள்கூட இல்ல. கெஞ்சிப் பாத்துட்டேன்."

"யார்கிட்ட கெஞ்சினீங்க? கம்ப்யூட்டர்கிட்டயா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் இருக்க வேண்டும். எனக்கு இருமல்தான் வந்தது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு, "சரி" என்றாள்.

இந்தச் சரியைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தைந்து வருஷத்தில் மறுபேச்சு இல்லாமல் அவள் சரி சொன்னது ஒன்பது தடவை. ஒன்பதிலும் நான்தான் தோற்றேன். அன்றைக்கு எனக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் புதுக் கோட்டுக்குத் துணி எடுப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் கிளம்பியது. பெரிய கப்பல். பதினான்கு மாடி, பதினாறு லிஃப்ட். பதினாறு என்று எனக்குத் தெரிவதற்குக் காரணம், ஏறிய முதல் மணி நேரத்திலேயே சகலை எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட்டு வந்து சொன்னதுதான். பரவாயில்லை, சொல்லட்டும், ராத்திரி தப்பித்துவிடுவேன் என்று பொறுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். சுமாராக இல்லை, நன்றாகவே இருந்தேன். கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறையிலிருந்து என் மனைவியின் அக்கா. புது உடை, புதுச் செருப்பு, மல்லிகை வாசம். என் மனைவி கைப்பையை எடுத்தாள்.

"அப்ப நாங்க வர்றோங்க."

"எங்க?"

"சாப்பிட. இன்னைக்கு மீன் ரெஸ்டாரன்ட்தானே?"

"ஆமா. நானும்தானே வரணும்?"

"ரெண்டு பேருக்குத்தானே இடம் கிடைச்சுதுன்னீங்க?"

"ஆமா, ரெண்டு பேர்னா நீயும் நானும்..."

"நாம ரெண்டு பேரும் போயி உக்காந்துக்கிட்டா அக்கா மனசு என்ன பாடுபடும்? நாலு பேருக்கு இடம் இருந்தா எல்லாருமா போயிருக்கலாம். இல்லேன்னுட்டாங்க. நீங்களும் எவ்வளவு கெஞ்சினீங்க பாவம்."

"அது வந்து..."

"நேரம் சீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்ல. யார் சொன்னது?"

"நான்தான்."

"அத்தான் அங்க தனியா உக்காந்திருப்பாரு. நீங்க துணைக்குப் போங்க."

நான் இருவர் மேசைதான் கேட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். ஆப்பைப் பிடுங்கி வாலை மாட்டிக்கொண்ட குரங்குக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், நான் கோட்டுப் போட்டிருந்தேன்.

நாற்பத்தாறாம் மேசையில் சகலை ஏற்கெனவே என் நாற்காலியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இடது பின்கால் கொஞ்சம் லூசு. பாத்து உக்காருங்க. என்ன, இவ்வளவு பெரிய கோட்டு?"

"குளிருது."

"அப்படியா? அந்த சூப் சூடா இருக்கா பாக்கறேன்."

முதல் ராத்திரி சூப் போனது. இரண்டாம் ராத்திரி வறுத்த கோழியில் பாதி. லிஃப்ட் கயிறு எத்தனை இழை என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அக்காவும் தங்கையும் ஒன்பது மணிக்குக் கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டு திரும்புவார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பதில்லை. அவர்களே சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கண்ணாடிச் சுவர் ரெஸ்டாரன்ட் வாசலுக்குப் போனேன். ஒரு பெண் லிஸ்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு எனக்கு இன்னொரு ரெண்டு பேர் டேபிள் வேணும்மா, எங்க சகலைக்கும் அவர் சம்சாரத்துக்கும்."

"நிறைஞ்சிருச்சு சார்" என்று சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் சிரிப்பு. பத்தொன்பது வருஷமாக நான் சிரித்த அதே சிரிப்பு.

என்னிடம் மற்றவர்கள் பாடிய பாட்டையெல்லாம் அவளிடம் நான் பாடினேன். தூரத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். எல்லாரும் அதே தூரத்திலிருந்துதான் வந்திருக்கிறார்கள் என்றாள். உள்ளே எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்றேன். பெயர் கேட்டாள். கடைசியில், வெட்கத்தை விட்டு, உண்மையைச் சொன்னேன்.

"நாளைக்கு எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளும்மா. என் சம்சாரத்தோட உக்காந்து சாப்பிடணும்."

அவள் முகம் மாறியது. லிஸ்டைப் புரட்டினாள்.

"ரெண்டு பேர் டேபிள்தான் சார் இல்ல. நாலு பேர் டேபிள் வேணும்னா உங்க டேபிளை மாத்தித் தரேன். அது முதல் நாள்லேர்ந்தே காலியாத்தான் இருக்கு. மெசேஜ்லயே போட்டிருந்தோமே, பாக்கலையா?"

எந்த மெசேஜ் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. நாலு பேர் டேபிள் என்றால் சகலையும் வருவார். என் சபதம் என்ன ஆவது? சபதம் இரண்டு ராத்திரியாகவே சூப்பில் ஊறிக்கொண்டுதான் இருந்தது. அவர் என் தட்டில் கையை வைக்கட்டும், லிஃப்டைப் பற்றிப் பேசட்டும். எதிரே என் மனைவி உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருந்தது.

"மாத்திடும்மா" என்றேன்.

ஓடினேன். மேல்தளத்தில் என் மனைவியும் அவள் அக்காவும் சாய்வு நாற்காலியில் இருந்தார்கள். அவர்களோடு இன்னும் இரண்டு பெண்கள். மீன் ரெஸ்டாரன்டில் பக்கத்து மேசையில் பழக்கமானவர்களாம். இருவரும் நர்சுகள்.

"நாலு பேருக்குக் கிடைச்சிருச்சு! நாளைக்குக் கண்ணாடி ரெஸ்டாரன்ட்ல!" என்றேன். மூச்சு வாங்கியது.

"நாலு பேருக்கா?" என் மனைவி எழுந்தே விட்டாள். "இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம். இவங்க ரெண்டு பேருக்கும் அங்க இடமே கிடைக்கலையாம். பாத்தீங்களா, அவரு எப்படியாவது பிடிச்சுடுவாருன்னு சொன்னேன்ல?"

நர்சுகள் இருவரும் எனக்கு நன்றி சொன்னார்கள். பெரியவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இத்தனை நல்லவரா நீங்கள் என்று என் மனைவியின் அக்கா கண்கலங்கினாள்.

"நான் நம்ம நாலு பேரையும்..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்குச் சாப்பாட்டுக் கூடம்தான் பிடிச்சுப் போச்சுன்னு அத்தான் சொன்னாரே. ஒரு நாள்கூட தட்டுல மிச்சம் வைக்கறதில்லையாமே?"

மிச்சம் வைக்க எங்கே விட்டார்?

கல்யாண நாள் சாயங்காலம். நாற்பத்தாறாம் மேசையில் நானும் சகலையும். அவர் அவசரத்துக்கு லிஃப்டில் மணி அடிக்கிற விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று கூடத்தின் விளக்குகள் மங்கின. பரிமாறுகிறவர்கள் எட்டுப் பேர் வரிசையாகக் கைதட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் மெழுகுவர்த்தி ஏற்றிய கேக். யாருக்கோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நேராக எங்களிடம் வந்து நின்றார்கள்.

"இருபத்தஞ்சாவது கல்யாண நாள்! உங்க ரெண்டு பேருக்கும் எங்க வாழ்த்துகள்! கண்ணாடி ரெஸ்டாரன்ட்லேர்ந்து மேடம் அனுப்பிவெச்சாங்க."

முந்நூறு பேர் கைதட்டினார்கள். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றே தட்டினார். நான் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சகலை எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டார். போட்டோகாரர் வந்தார்.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்க சார். இன்னும் கொஞ்சம். அவர் தோள்ல கையைப் போடுங்க."

சகலை போட்டார். கை கனமாக இருந்தது. விளக்கு வந்த பிறகு பார்த்தேன், அவர் கண் ஈரமாக இருந்தது.

"என் கல்யாண நாளுக்கு யாரும் இப்படிப் பாடினதில்ல தம்பி" என்றார்.

எனக்கே என்னவோ போலாகிவிட்டது. கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவர் தட்டில் வைத்தேன். அதைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு என்னுடையது எப்படி இருக்கிறது என்று பார்த்தார்.

மறுநாள் காலையில், எடுத்த படங்களையெல்லாம் மாட்டி வைக்கும் சுவருக்கு முன்னால் என் மனைவி நின்றிருந்தாள். எங்கள் படத்துக்கு முன்னால்தான். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்கூடத் தனியா ஒரு வேளை உக்காந்து சாப்பிடணும்னு ஆசைப்பட்டேன். அதுக்குத்தான் எல்லாம். போதுமா?"

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதை நேராக் கேட்டிருந்தா? ஒரு நாள் நமக்கு, மத்த நாள் எல்லாருக்கும்னு நானே சொல்லியிருப்பேன். அக்காகூட நிம்மதியா உக்காந்து பேசி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? நீங்க ரெண்டு பேரும் எப்பவும் குறுக்க உக்காந்திருப்பீங்க."

"நான் ரெண்டு பேர் டேபிள்தான் கேட்டேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

போனை நீட்டினாள். நாற்பத்தொன்பது நாளுக்கு முந்தைய தேதி, காலை பத்து ஒன்பது. ஓடிபி வந்த அதே நம்பருக்குக் கப்பல்காரர்கள் ஆறு மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். ஆறிலும் ஒரே வாசகம்: 'நீங்கள் கேட்டபடி இருவர் மேசை. நால்வர் மேசையும் உள்ளது.'

"பத்து பத்துக்கு அக்காவுக்குப் போன் பண்ணி, ஆறு புதுத் துணி தைக்கச் சொல்லிட்டேன்" என்றாள்.

"சரி, போனது போகட்டும். இன்னும் ரெண்டு ராத்திரி இருக்கு. இன்னைக்கு நாம ரெண்டு பேரும்..."

"இன்னும் ரெண்டு துணி அக்கா போடவே இல்லையே."

அந்தப் படத்தை அவள் பெரிதாக்கி வாங்கினாள். ஓடாத சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் மாட்டியிருக்கிறாள். கேக், மெழுகுவர்த்தி, புதுக் கோட்டு, என் தோளில் சகலையின் கை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். படத்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரே வரி: 'நீங்கள் கேட்டபடி இருவர் மேசை.'